நிம்மதிக்கு எத்தனை மார்க்

நாத்தனாரோடு ஒரே வேனில் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால் யாசுயோ அன்றைக்கு வந்தே இருக்க மாட்டாள். பின்சீட்டில் கினுகோ காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இவள் ஏறியதும், "வா, வா. டயரைப் பத்தி உன்னை விட்டா யாருக்குத் தெரியும்" என்றாள். டிரைவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டினான்.

இரண்டு குளிர்காலமாக இதே பாட்டுதான். யாசுயோவின் புருஷன் எய்சாகு, கினுகோவுக்கு ஒரே தம்பி. பிப்ரவரி மாதக் காலை ஒன்றில், பால் சங்கத்துக்கு முன்னாலிருக்கும் சிக்னலில் பிரேக் போட்டான். கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் நாற்சந்திக்குள் மூக்கை நீட்டியது. பால் லாரி அந்த மூக்கோடு அவனையும் சேர்த்து அடித்தது. காரில் இருந்தவை ஐந்தாவது குளிர்காலம் ஓடிக்கொண்டிருந்த பனிக்கால டயர்கள்.

நாலு குளிர்காலத்துக்கு மேல் அந்த டயரை ஓட்டக்கூடாது என்பது பனி கொட்டும் ஹொக்கைடோவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆணி பதித்த டயர் ரோட்டைச் சுரண்டிப் புழுதி கிளப்புகிறது என்று சட்டம் போட்டு நிறுத்திய பிறகு, ஐஸைப் பிடிப்பது வெறும் ரப்பரின் மென்மைதான். வயசானால் அது இறுகிவிடும். தெரியும்தான். ஆனால் அந்த வருஷம் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்பு படுத்துவிட்டது. "அடுப்பை மாத்திடுவோம், டயர் இந்த ஒரு வருஷம் ஓடட்டும். டயர்ல வரிப்பள்ளம் இன்னும் ஆழமாத்தானே இருக்கு" என்றவள் யாசுயோ. முதல் பனி விழுந்ததும் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று சொன்னாள். இதையெல்லாம் சாவு வீட்டிலேயே கினுகோவிடம் அழுது ஒப்பித்தாள், பைத்தியக்காரி. "அடுப்புக்குக் காசு இருந்துச்சு, என் தம்பிக்கு இல்லை" என்று கினுகோ ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

வேன் போனது ஊருக்கு வெளியே இருக்கும் டயர் கம்பெனியின் சோதனைத் திடலுக்கு. கம்பெனி டிரைவர்களுக்கு டயர் மூச்சு விடுகிற சத்தம் கூடக் கேட்கும். அதனால் வருஷா வருஷம் மார்க்கெட்டுக்கும் வேலைக்கும் கார் ஓட்டுகிற ஊர்ப் பெண்களையும் கூப்பிட்டு ஓட்டச் சொல்வார்கள். கேட்பது முக்கியமாக ஒரே கேள்வி. ஓட்டும்போது நிம்மதியாக இருந்ததா? ஐந்துக்கு எத்தனை மார்க்?

இன்ஜினியர் மகபே வெளியூர்க்காரர், எய்சாகு கதை தெரியாதவர். சிவப்புக் கொடி கட்டிய கார் ஒன்று, நீலக் கொடி கட்டியது ஒன்று. டயரில் எழுத்தெல்லாம் மறைத்திருந்தது. "ஒண்ணுல புது டயர். இன்னொண்ணுல அஞ்சு குளிர்காலம் ஓடின பழசு. எதுன்னு சொல்லமாட்டேன். சனங்க ஏன் பழசை மாத்தாமலே ஓட்டுறாங்கன்னு கம்பெனிக்குத் தெரியணும்" என்றார்.

யாசுயோ சிவப்புக் கொடியையும் நீலக் கொடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்கு ஓட்டி வேற பாக்கணுமா?" கினுகோ சிரித்தாள். "உக்காந்ததுமே சொல்லிடுவேன் நான். அக்கறை உள்ளவங்களுக்குத் தெரியாம போகுமா?"

அதுதான் யாசுயோவுக்கும் தெரிய வேண்டியிருந்தது. எத்தனை நாள் தூக்கம் கெட்டு யோசித்திருப்பாள். டயர் தன் கையில் ஏதாவது சொல்லியிருக்குமோ, அடுப்பு நினைப்பில் தான்தான் கேட்காமல் விட்டோமோ. இன்றைக்குத் தெரிந்துவிடும்.

அழுத்திய பனியில் வளைந்து வளைந்து போகும் பாதை. முதலில் சிவப்பு. திருப்பும்போது அடியில் ஏதோ குழைந்தது. ஸ்டியரிங் சொன்னதைக் கார் கொஞ்சம் யோசித்துத்தான் கேட்டது. இதுதான் பழசு, இதுவேதான் என்று நினைத்தாள். பக்கத்தில் இருந்த மகபேயிடம் மூன்று மார்க் என்றாள். அடுத்து நீலம். திருப்பிய பக்கம் திரும்பியது, நேராக வா என்றால் வந்தது. நாலரை சொல்லிவிட்டு இறங்கினாள். கினுகோவும் இரண்டையும் ஓட்டிவிட்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

பன்றிக்கறி சூப்பைக் குடிக்கக் கொடுத்துவிட்டு மகபே சொன்னார். "ரெண்டு பேருமே நீலத்துக்குத்தான் அதிகம் குடுத்திருக்கீங்க. யாசுயோ அம்மா நாலரை, கினுகோ அம்மா முழுசா அஞ்சு. அதுதான் பழசு."

கினுகோவின் கரண்டி கிண்ணத்திலேயே நின்றுவிட்டது.

"புது ரப்பர் மெத்துன்னு இருக்கும், கொஞ்சம் குழையும்" என்றார் அவர். "பழசு இறுகிப்போனதால கெட்டியாத் தெரியும். பனியில ஓட்டினா யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஐஸ்ல பிரேக் போடற வரைக்கும்."

அதையும் காட்டினார். கண்ணாடி மாதிரித் தேய்த்து வைத்திருந்த ஐஸ் மேல் கம்பெனி ஆள் ஒருவன் இரண்டு காரையும் ஒரே வேகத்தில் கொண்டுவந்து பிரேக் போட்டான். சிவப்பு முனகிக்கொண்டே நின்றது. நீலம் அதைத் தாண்டிச் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது, அப்புறம்தான் நின்றது.

"எவ்வளவு கூடப் போச்சு?" என்று யாசுயோ கேட்டாள்.

"ஒரு கார் நீளம் இருக்கும். கொஞ்சம் கூடவே."

எய்சாகுவின் காரில் நாற்சந்திக்குள் போயிருந்தது முன்பாதி மட்டும்தான். போலீஸ் படத்தில் அவள் பார்த்திருக்கிறாள். புது டயராக இருந்திருந்தால் சிக்னல் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, லாரிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பான். டயர் ஓடட்டும் என்று அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அவனைக் கொன்றது. பனியில் ஓட்டிப் பார்த்த யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை, அதுவும் உண்மை. இந்த இரண்டாவது உண்மைக்காகத்தான் இவ்வளவு நாள் ஏங்கினாள். கிடைத்த பிறகு பார்த்தால் அது கால் காசுக்குப் பிரயோஜனமில்லை. செத்தவன் செத்தவன்தான்.

திரும்பும்போது கினுகோ பின்சீட்டுக்குப் போகவில்லை. யாசுயோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பால் சங்கத்து சிக்னல் வந்தபோது இரண்டு பேரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சு குடுத்தேன்டி" என்றாள் கினுகோ. "முழுசா அஞ்சு. நீயாவது நாலரைதான் குடுத்தே."

"யாருக்கும் தெரியாதாம்க்கா. அவரே சொன்னாரே."

"நீயும் தெரியாமத்தான் சொல்லியிருக்கே." கினுகோ மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோபம் மட்டும் குரலை விட்டுப் போகவில்லை, போவதற்கு இடம் இல்லாமல் அங்கேயே நின்றது. "அப்போ இனிமே நான் யாரைத் திட்டறது?"

யாசுயோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னையே திட்டுங்கக்கா" என்றாள். "இந்த ஊர்ல உங்களைத் தவிர யாரும் அவர் பேரை எடுக்கறதில்லை."