வெறும் தண்ணீர்த் தட்டு

குலாய்ப் பக்கம் நெடுஞ்சாலையில் லாரி மோதி ஹேமநாதன் போய்ச் சேர்ந்தான். ஸ்கூடாய் ஆய்வுக்கூடத்தில் அவன் விட்டுப்போனது இரண்டு தட்டு நாற்றுகள்தான். மாற்றுக்கு விதைகூடக் கிடையாது. அங்கேயே வேலை பார்த்த அவன் மனைவி ஷாமளா அழுதுகொண்டே அவற்றை வளர்த்தாள்.

ஒவ்வொரு ஜீனுக்கும் முன்னால் சிறு டி.என்.ஏ. வரிசை ஒன்று உண்டு, அதுதான் சுவிட்ச். ஹார்மோன் வந்தால் சுவிட்ச் விழும், ஜீன் வேலையைத் தொடங்கும். ஹேமநாதன் சொந்தமாக ஒரு சுவிட்சைக் கட்டியிருந்தான். அது விழுந்த இலை சாயத்தில் நீலமாகும். ஒரு தட்டுக்கு ஹார்மோன். மற்றதற்கு வெறும் தண்ணீர். தண்ணீர்த் தட்டு நீலமாகாமல் இருந்தால்தான் அவன் உழைப்பு மெய்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, மகனின் சாமான்களை எடுக்க மாமியார் அன்னபாக்கியமும் ஷாமளாவோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

"இந்தத் தட்டு மட்டும் ஏன், பிள்ளை, வாடிக் கிடக்கு?"

"அதுக்கு வெறும் தண்ணிதான் மாமி," என்று சொல்லிவிட்டு ஷாமளா அவன் மேசையை ஒழிக்கப் போனாள்.

மறுநாள் நாற்றுகள் எல்லாவற்றையும் அடியோடு வெட்டிச் சாயத்தில் போட்டாள். இரண்டு தட்டும் நீலம். அட பாவி மனுஷா, இதற்கா சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாய்! அவன் தோற்றுப்போனதைத் தாங்க முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பெர்மாஸ் ஜெயா குடியிருப்பில் இருந்த வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னாள். அவர் முகம் மாறியது.

"வெறும் தண்ணின்னு சொன்னியே, மனசு கேக்கல. அவனுக்குப் படைச்ச இளநி பையில இருந்துச்சு. அதுக்குத்தான் ஊத்தினேன். தப்பா?"

பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். இளநீரில் இருப்பதும் அதே ஹார்மோன்தான். அவன் சுவிட்ச் தோற்கவில்லை; அம்மா ஊற்றியதும் விழுந்திருக்கிறது. ஆனால் இனி அதை யாரிடம் எப்படி நிரூபிப்பது?

"தப்பில்ல மாமி. அவர் செஞ்சது சரிதான். நீங்க ஊத்தினதுக்குத்தான் நீலமாச்சு."

அன்னபாக்கியத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப வெள்ளிக்கிழமை அவனுக்குப் படைக்கிற இளநியையும் கொண்டு வரேன். தினம்னாலும் வரேன்."

ஷாமளாவுக்குப் பொய் வரவில்லை.

"செடி இல்ல மாமி. நீலம் பாக்கணும்னா வெட்டணும். எல்லாத்தையும் வெட்டிட்டேன்."



"அப்ப இனி நான் யாருக்கு ஊத்துவேன், பிள்ளை?"