கூறு கட்டிய கதை

"ஒங்க புத்தகத்த யாரும்மா தேடிக்கினு வரப்போறாங்க?" என்று கள்ளக்குறிச்சிப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் முன்னொருநாள் கேட்டார். கட்டுப் பிரிக்காத நூல்களை அப்படியே அவர் திருப்பித் தர, வாங்கிச் சுமந்து வந்த ஷீபா, தேடி வராதாரைத் தேடிப் போவதென்று துணிந்தாள்.

கல்வராயன் மலையின் முகடுகளில் வெண்பனி உலைமூடி திறந்த ஆவிபோல் மெல்லக் கலைந்து, கடுக்காய் மரங்களின் ஈர இலைகளில் இளவெயில் பொன் தெளிக்க, தேன்குடமும் புளிமூட்டையும் சாமைப்பொதியும் சுமந்தோர் மலைத்தடங்களில் ஓடைநீர் போல இழிந்து வந்து கூடிய அந்தக் காலைப்பொழுதில், வெள்ளிமலைச் சந்தையின் நடுவே ஷீபாவும் அவள் கணவன் ஆல்பினும் விரித்த சாக்கின்மேல் ஒரு புதினம் கூறு கூறாய்க் கிடந்தது. பெரும்பதிப்பகங்கள் பளபளக்கும் அட்டையிட்ட தடித்த நூல்களால் கடைகளை நிரப்ப, அட்டைக்கும் வழியற்ற இச்சிறு பதிப்பாளர் இருவரும் பதினாறு பக்கங்களை ஒரு கூறாக அச்சிட்டு, கத்தரியும் மிளகாயும் கூறு கட்டி விற்கும் சந்தை வழக்கத்தையே தம் வழக்கமாக்கி, வாரம் ஒன்றாய் விற்று வந்தனர். எல்லாக் கூறும் சேர்ந்தபின் கொண்டுவருவோர்க்கு ஆல்பின் நூலால் தைத்துக் கொடுப்பான்.

அன்று கடைசிக் கூறு விற்கும் நாள். சென்னைப் பெரும்பதிப்பகம் ஒன்றின் முகவர் கந்தசாமியும் மலையேறி வந்திருந்தார்.

"இன்னாம்மா, கதைய கறிக்கூறு மாதிரி போட்டு விக்கிறீங்க?"

"எலும்பு கம்மியா போடுறோம் சார். அதான் திரும்ப வராங்க" என்றான் ஆல்பின்.

முகவர் நகைத்தார். பின் ஷீபாவிடம், "எங்ககிட்ட குடுத்துடுங்க, தமிழ்நாடு பூரா போவும். முடிவுல மட்டும் அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிடுங்க. நான் எறங்கறதுக்குள்ள சொல்லிடுங்க" என்றார்.

கதையின் தலைவி காசியம்மாள் பெண்பார்க்க வந்தவனைத் திருப்பியனுப்பிவிட்டுத் தன் காட்டிலே விதைக்கப் போகிறாள், அதுவே முடிவு. எழுதிய வெற்றிசெல்வனோ, "ஒங்க இஷ்டம்க்கா" என்று பொறுப்பை ஷீபாவிடமே விட்டிருந்தான். கொடுத்தால் கதை ஊரெங்கும் போகும், ஆனால் வேறொரு கதையாய்ப் போகும். கொடாமல், மலைமக்களும் இம்முடிவை வெறுத்தொதுக்கினால், இனி இச்சந்தையில் சாக்கு விரிக்கவும் இடமிராது. இருதலைக் கொள்ளி எறும்பாய் அவள் நெஞ்சம் தவித்தது.

அப்போது பெருமாயி வந்தாள். கணவனை விலக்கித் தனியாளாய்ச் சாமை விளைவிக்கும் அவள்தான் முதற்கூற்றை முதலில் வாங்கியவள், வாரந்தோறும் வழக்காடுபவள்.

"தாலி ஏறிச்சா இல்லியா? ஏறலன்னா வாங்குன கூறு மொத்தத்தையும் இங்கியே கொட்டிட்டுப் போவேன், ஆமா."

"படிச்சுப் பாருங்கக்கா" என்று கடைசிக் கூற்றை நீட்டினாள் ஷீபா.

பெருமாயி புளிமூட்டைமேல் அமர்ந்து, எழுத்தெழுத்தாய் உதடசைத்துப் படித்தாள். பக்கங்கள் முடிந்தும் தலை நிமிரவில்லை. பின் பையைக் கவிழ்த்து, அத்தனை கூறுகளையும் வெளியே எடுத்தாள்.

"பாத்தீங்களா, திருப்பித் தரப்போவுது. இதுக்குத்தான் கல்யாணம் வெக்கச் சொன்னேன்." என்றார் கந்தசாமி.

பெருமாயி தாள்களை முழங்காலில் தட்டி விளிம்பொத்து அடுக்கி, கடைசிக் கூற்றை அடியிலே வைத்து, ஆல்பினிடம் நீட்டினாள். அவன் ஊசியைக் கையிலெடுத்தான்.

"கல்யாணம் கெடையாது சார். கத எங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள் ஷீபா, தன் குரல் இத்தனை அமைதியாய் வந்தது அவளுக்கே வியப்பாயிருந்தது.

நூறு கடைகளில் அடுக்கப்படுவதும் ஒரு நூலுக்குப் பெருமையே. ஆயினும் தன் வாழ்வைத் தாளிலே கண்ட ஒருத்தியின் மடியேறுதல் அதனினும் இனிய பேறு. தைத்து முடிந்த புத்தகத்தை வாங்கி, முந்தானையில் பொதிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, பெருமாயி மலைத்தடத்தில் ஏறிப் போனாள்.