தலைகீழ்த் தெரு

"பிள்ளைங்கள பத்து நிமிஷம் பேச விடுங்க. அப்புறம் பாடத்தை ஆரம்பிச்சுடுங்க," என்றார் தலைமையாசிரியை. "நீங்க சயின்ஸ் டீச்சர். அழ மாட்டீங்க."

போன வாரம் பள்ளி விட்ட நேரத்தில், எதிரே சாலையைக் கடக்கும்போது ஏழாம் வகுப்பில் எல்லாரும் வாலு என்று கூப்பிட்ட பெண் பேருந்தில் அடிபட்டு இறந்துபோனாள். அவள் கையைப் பிடித்தபடி கூடப் போனவள் மைனா. அன்றிலிருந்து மைனா வீட்டில்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுதான் பள்ளிக்கு வந்திருந்தாள்.

"பேச வைங்கன்னு கேக்கல மிஸ். யாரும் அவள குத்திக் காட்டாம பாத்துக்கங்க, அது போதும்," என்று மைனாவின் அம்மா என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தனை முகங்களையும் பார்த்துச் சாவைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அதனால் ஆய்வகத்தை இருட்டாக்கினேன். எப்படியும் அன்றைய பாடம் ஊசித்துளை கேமரா. ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டி, ஒன்றில் மட்டும் சட்டைப் பொத்தான் அளவுக்குத் துளை விட்டேன்.

"கை தூக்க வேண்டாம். அழுதா அழலாம். பேசப் பிடிக்கலேன்னா சும்மா இருக்கலாம்," என்றேன்.

கண் பழகப் பழக, எதிர்ச்சுவரில் தெரு ஊறிவந்தது. தலைகீழாக. வானம் தரையோரம் வெளிர்நீலமாய்த் தேங்கியிருந்தது. மரங்கள் மேலிருந்து தொங்கின. தண்ணீருக்குள் போகிறவர்கள்போல ஆட்கள் ஓசையின்றி நடந்தார்கள்.

"எல்லாரும் வவ்வால் மாதிரி போறாங்க மிஸ்."

பிறகு ஒரு பேருந்து, சக்கரங்கள் மேலே இருக்க, மிதந்து வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. துளைக்குத் தோதாக வெளியே வெயில் எங்கே பளிச்சென்று இருக்கிறது என்று பார்த்தேனே தவிர, அந்த ஜன்னல் எந்தச் சாலையைப் பார்க்கிறது என்று யோசிக்கவே இல்லை.

மூடுவதற்கு எழுந்தேன்.

"மூடாதீங்க மிஸ்," என்றது ஒரு குரல். "அவளுக்கு வலிச்சிருக்குமா?"

"தெரியல. உடனே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாராம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"அவ இடத்துல வேற யாராவது உக்காருவாங்களா?"

"நீங்கதான் சொல்லணும். அவசரமில்ல."

சுவரில் ஒருத்தி குடையோடு கடந்து போனாள்.

"மைனாதான் கையை விட்டுட்டான்னு எங்க தெருவுல எல்லாரும் சொல்றாங்க."

அது, வகுப்பில் ரேடியோ என்று பெயரெடுத்த பையனின் குரல். எந்தச் செய்தியும் முதலில் அவனிடம்தான் வந்து சேரும்.

"வாய மூடுடா லூசு," என்று யாரோ சீறினார்கள். நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. மைனாவின் பக்கம் எதுவுமே அசையவில்லை. யார் தப்பும் இல்லை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அதை அவள் நம்ப மாட்டாள்.

"நீ பாத்தியா?" என்று ரேடியோவைக் கேட்டேன்.

"இல்ல மிஸ்."

"உங்கிட்ட சொன்னவங்க பாத்தாங்களா?"

"...தெரியல மிஸ்."

"அப்ப அது இங்க வேண்டாம். பாத்தவங்க பாத்தத சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம்."

தெரு நகர்ந்துகொண்டே இருந்தது.

"நான் பாத்தேன்."

துருப்பிடித்த குரல். மைனா.

"நான் விடல. செருப்பு கழண்டுடுச்சு, இருடின்னு சொல்லி அவதான் கைய உருவிக்கிட்டா. குனிஞ்சா. நான் திரும்பறதுக்குள்ள..."

மீதியை நான் கேட்கவில்லை.

"வார் அறுந்த செருப்பு அது," என்றான் ரேடியோ, மெதுவாக. "பிரேயர்ல ஒத்தக் கால்ல கொக்கு மாதிரி நிப்பா."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

"ஓட்டப்பந்தயத்துல அந்தச் செருப்பு பறந்து போய் எங்க அப்பா மடியில விழுந்துச்சே!"

இப்போது பலர் சிரித்தார்கள். சிலர் அழுதார்கள். இருட்டில் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அடக்கவா, விடவா என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

"அப்படியும் மூணாவதா வந்தா," என்றான் ரேடியோ.

"போடா. ரெண்டாவது," என்றாள் மைனா. "நான்தானே மூணாவது."

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை கதவைத் திறந்தார். வெளிச்சம் பாய்ந்து, சுவரிலிருந்து தெரு அழிந்துபோனது.

"மேடம், கதவ சாத்துங்க," என்றாள் மைனா. "இன்னும் பேசி முடியல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டில் ஒரு நாற்காலியைத் துழாவினார்.