கூட்டத்தில் நின்ற கேப்டன்

1

உலக மக்கள் அனைவருக்கும் ஓர் அறிவிப்பு. தியாகம், துணிச்சல், கலகம் ஆகிய மூன்று மாபெரும் விழுமியங்களைப் பற்றிய இறுதி உண்மை இந்தப் பக்கங்களில் முதன்முறையாக வெளியாகிறது. இதற்குப் பிறகு இந்த விஷயத்தில் யாரும் எதுவும் எழுத வேண்டியிருக்காது. எழுந்து நிற்க வேண்டாம், உட்கார்ந்தே படிக்கலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொலைக்காட்சியில் ஒரு கடற்கொள்ளையர் கார்ட்டூன் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. (கார்ட்டூன் என்றால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். அனிமே.) அதில் வருகிறவர்களைத் தமிழில் பேச வைக்கும் வசனகர்த்தா நான். தொடர் முடிகிற மாதிரி தெரியாததால், அது ஓடிக்கொண்டிருப்பதையே கொண்டாட ஒரு சிறப்பு மலர் போடுவதாகச் சேனல் முடிவு செய்தது. 'நம் தொடரில் தியாகம், துணிச்சல், கலகம்' என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். உட்கார்ந்தேன். கட்டுரை வரவில்லை, இது வந்தது.

2

தொடக்கம் ஒன்று: 'கடல் சீறியது. வானம் கறுத்தது. அவன் தன் வாளை உருவி—'

வேண்டாம். பத்து வருஷமாக இதைத்தான் எழுதுகிறேன்.

தொடக்கம் இரண்டு: 'கலகம் என்பது அதிகாரத்தின் சொல்லாடலை உடல்வழியே மறுதலிக்கும் ஒரு—'

ஒரு என்ன? எனக்குத் தெரியவில்லை. இப்படி எழுதுகிறவர்களுக்கும் தெரியாது, ஆனால் அவர்கள் நிறுத்த மாட்டார்கள். நான் நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் நான் காட்டும் துணிச்சல் இவ்வளவுதான்.

தொடக்கம் மூன்று: 'ஏசியை அணைத்தார்கள்.'

இது சரி. டப்பிங் அறையில் முதல் வேலை இதுதான். ஏசியின் முனகல் மைக்கில் விழுந்துவிடும். எங்கள் தொடரின் வீரம் மொத்தமும் வியர்வையில் நனைந்த சட்டையோடு பேசப்பட்டது.*

* அறையில் எங்களுக்குப் படம் மட்டும்தான் தெரியும். இசையும் வெடிச்சத்தமும் தனி டிராக்காகப் பிறகு வந்து சேரும். வெறும் நிசப்தத்தைப் பார்த்துதான் போர்க்களம், புயல் எல்லாவற்றுக்கும் கத்துவோம். இதை இப்போதைக்கு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

3

கேப்டன் என்று நாங்கள் கூப்பிடுவது ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மாளை. தொடரின் நாயகனான பதினேழு வயதுக் கொள்ளையர் தலைவனுக்கு முதல் எபிசோடிலிருந்து குரல் கொடுப்பவர் அவர்தான். தோள்பையும் வெந்நீர்ப் பாட்டிலுமாக, ரேஷன் வாங்க வந்தவர் மாதிரி உள்ளே வருவார். பேசுகிறவர் நிற்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் ஹெட்போனை மாட்டியதும் ஒரு பயல் வெளியே குதிப்பான்.

எங்கள் மேனேஜர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். அறையில் நானும் இருந்தேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. விழா நேரம், புதுக் குரல் வேணுமாம். உங்க குரல்ல கொஞ்சம் வயசு தெரியுதாம்."

"யாருக்குத் தெரியுதாம்?"

"மேல."

"மேலன்னா? இதுக்கு மேல தண்ணித் தொட்டிதானே இருக்கு?"

"சேனல்லக்கா."

"அந்தப் பய இத்தனை வருஷமா பதினேழுலயே நிக்கிறான். எனக்கு மட்டும் வயசாகுது. இதுல தப்பு யார் மேல?"

மேனேஜர் சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை. "வீட்டுல நான் சத்தமாப் பேசுனா, ஏம்மா கத்துறேன்னு கேப்பாங்க. இங்கதான் இன்னும் கத்துன்னு கேட்டீங்க," என்றார்.

[இந்த இடத்தில் வயலின் வேண்டாம்.]

மேனேஜரைக் கொடுங்கோலனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவர் கெட்டவர் இல்லை. எல்லாருக்கும் நல்லவராக இருக்க ஆசைப்படுகிறவர். அது அதைவிட ஆபத்து. உதாரணத்துக்கு, அடுத்து அவர் சொன்னது:

"சும்மா அனுப்ப மனசு வரலக்கா. கூட்டத்துல நில்லுங்க."

4

கூட்டம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். படத்தில் பத்துப் பேர் ஒன்றாகக் கத்தினால், சின்ன வேடக்காரர்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று கத்துவோம். ஆள் குறைந்தால் என்னையும் இழுத்துவிடுவார்கள். இதில் ஒரே ஒரு விதி: முக்கியப் பாத்திரத்தின் குரல் கூட்டத்துக்குள் வரக் கூடாது. பத்துப் பேர் நடுவே கேட்டாலும் எந்தக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். டப்பிங் படித்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். நல்ல மனசு பொங்கி வழிந்ததில் மேனேஜர் இதை மறந்துவிட்டார்.

அன்றைக்குக் காட்சி இது. கப்பல் தப்பிக்க வேண்டும் என்பதற்காகச் சமையல்காரன் தன்னைத்தானே கடற்படையிடம் ஒப்படைத்துவிடுகிறான். அவனை மீட்கத் திரும்பிப் போனால் எல்லாரும் சாகலாம். படத்துக் கேப்டன் தன் ஆட்களைப் பார்த்து, "என் கூட யாரு வர்றீங்க?" என்கிறான். கூட்டம், "நாங்க வர்றோம் கேப்டன்!" என்று முழங்க வேண்டும். நான் எழுதிய வசனம்தான். சுமார்தான்.

டீ குடிக்கும் மூலையில் அமரர் எங்களைக் கூட்டினார். இவர் உயிரோடுதான் இருக்கிறார். தொடரில் எந்த வேடம் கொடுத்தாலும் அந்த வாரமே செத்துவிடுவதால் வந்த பெயர்.

"அக்கா எடத்துல பேச வந்த புதுத் தம்பி கேப்பான், யாரு வர்றீங்கன்னு. நாம வாயத் தொறக்கக் கூடாது. ஒருத்தரும் வரல. அவ்வளவுதான்."

"அப்ப மத்தியானச் சாப்பாடு?" என்றது ஒரு குரல்.

"கலகம் பண்ணலாமான்னு பேசிக்கிட்டிருக்கேன், சாப்பாடு கேக்குற!" சற்று யோசித்தார். "சாப்பிட்டுக்கலாம்."

கேப்டனிடம் யாரும் சொல்லவில்லை.

ஏசியை அணைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து தம்பி, "என் கூட யாரு வர்றீங்க?" என்றான்.

நிசப்தம். ஒரு வரலாற்றுச் சிறப்புமிக்க, கம்பீரமான, அதிகாரத்தின் அடித்தளத்தையே—

அமரரின் வயிறு உறுமியது.

"யாரோட வயிறுங்க அது?" என்றார் ஒலிப்பதிவுக்காரர். அவரை 'சவுண்டு' என்போம்.

மேனேஜர் எங்கள் முகங்களைப் பார்த்தார். புரிந்துகொண்டார். எல்லாருக்கும் நல்லவர்கள் கோபப்பட்டால் பார்க்கச் சகிக்காது. "சரி. கத்துறதுக்கு வெளிய நிறையப் பேர் இருக்காங்க. இப்பக் கத்தாதவங்க நாளைக்கு வர வேண்டாம்."

கேப்டன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அடப்பாவிகளா, எனக்காகவா?"

அமரர் தன் செருப்பை ஆராய்ந்தார்.

"போறது நான் ஒருத்தி. உங்களையெல்லாம் எவன்டா கூட வரச் சொன்னது?" ஒலிப்பதிவுக்காரர் பக்கம் திரும்பினார். "சவுண்டு தம்பி, ஓட்டுங்க."

மறுபடி விளக்கு. மறுபடி தம்பி: "என் கூட யாரு வர்றீங்க?"

"நாங்க வர்றோம் கேப்டன்!"

அவர் மட்டும்தான் கத்தினார். கண்ணாடி அதிர்ந்தது. [அதிரவில்லை, இரட்டைக் கண்ணாடி. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.]

சவுண்டு ஹெட்போனைக் கழற்றினார். "சார், இது ஆகாது. கேப்டன் கூப்பிடுறாரு. கேப்டனே வர்றேங்குறாரு."

அப்போதுதான் மேனேஜருக்கு அந்த விதி ஞாபகம் வந்தது. "அக்கா... கொஞ்சம் குரலை மாத்திக் கத்துங்களேன். அடையாளம் தெரியுது."

"வயசாயிப்போன குரல்னு சொன்னீங்களே. அப்புறம் எப்படித் தெரியும்?"

5

மலருக்குக் கட்டுரை கேட்டார்களே, அது இங்கே வந்திருக்க வேண்டும். எங்கள் வேலை போய்விடக் கூடாது என்று கத்தினாரே, அது தியாகமா? பத்துப் பேர் வாயை மூடியிருக்கும்போது ஒற்றை ஆளாகக் கத்தியது துணிச்சலா? சொன்ன வேலையை முழு மனசோடு செய்தால் ரெக்கார்டிங் நாசமாகும் என்று தெரிந்தே செய்திருந்தால், அது கலகம்தானே? பின்னாளில் அவரிடமே கேட்டேன்.

"வசனம் எழுதுறது நீங்கதானே? பொருத்தமா ஏதாவது போட்டுக்குங்க," என்றார்.

மூன்றாவது முறை நாங்கள் எல்லாரும் கத்தினோம். மிரட்டலுக்குப் பயந்து கத்தினோம் என்று எழுதுவதா, அவரே கத்திய பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க வெட்கமாக இருந்தது என்று எழுதுவதா? இரண்டும் உண்மை. எத்தனை பேர் கத்தி என்ன, மேலே நின்றது அவர் குரல்தான். கதவோரம் நிறுத்திப் பார்த்தார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். அப்படியும் கேட்டது. "போய்ட்டு வாங்க" என்ற ஒரே ஒரு வார்த்தை மட்டும் மேனேஜருக்கு வாயில் வரவில்லை. நல்லவராயிற்றே.

அப்போது கூண்டுக் கதவு திறந்தது. புதுத் தம்பி வியர்த்து வழிய வெளியே வந்தான்.

"சார், நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து இந்தக் குரலைக் கேட்டவன். அவங்க என்னைக் கேப்டன்னு கூப்பிடுறப்ப எனக்கு அடுத்த டயலாக் மறந்துபோகுது. நான் கூட்டத்துல நிக்கிறேன்."

சொன்னபடியே வந்து எங்கள் நடுவில் நின்றான். (இவனை மேனேஜரின் மச்சானாக்கி, வில்லனாக்கப் பலமுறை முயன்றேன். பையன் ஒத்துழைக்கவில்லை.) கூண்டுக்குள் மைக் காலி.

6

கைவசம் உள்ள முடிவுகள்:

அ) மேனேஜர் மனம் திருந்திக் கண்ணீர் விடுகிறார். இது அனிமேயில்கூட நடக்காது.

ஆ) கேப்டன் பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். கதவு மெல்லச் சாத்திக்கொள்கிறது. விமர்சகர்களுக்குப் பிடிக்கும். கேப்டனுக்குப் பிடிக்காது.

இ) எங்கோ உட்கார்ந்து ஆன்லைனில் கேட்டுக்கொண்டிருந்த சேனல்காரர் போனில் வருகிறார்: "கூட்டத்துல ஒரு புதுக் குரல் கேட்டுச்சே, யாரு சார் அது? அதத்தான் நான் தேடிட்டிருந்தேன்." எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பிக்கை இல்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். கேப்டன் கையில் பை இருந்தது. உள்ளே போனால், வயசாகிவிட்டது என்று சொன்னவர்களுக்கே கத்திக் கொடுக்க வேண்டும். போகாவிட்டால் எபிசோட் நிற்கும், பழி எங்கள் தலையில் விழும். மேனேஜர் அவரைப் பார்த்தார். கேப்டன் காலி மைக்கைப் பார்த்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கூண்டும் வாசலும் ஒரே பக்கம்தான் இருக்கின்றன. இரண்டடி நடந்து நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்து, மைக் இல்லாமல், மெதுவாக, அந்தப் பதினேழு வயதுக் குரலில் கேட்டார்:

"என் கூட யாரு வர்றீங்க?"

எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. அமரர் நிமிர்ந்தார். தம்பி மூச்சை இழுத்தான். நான் வாயைத் திறந்தேன். சவுண்டு ஏனோ ரெக்கார்டிங்கை நிறுத்தியிருக்கவில்லை.

எங்கள் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளலாம். இடம் விட்டிருக்கிறேன்:

.................................................

இசையும் வெடிச்சத்தமும் இருந்த டிராக் அடுத்த வாரம் வந்தது. கூட்டம் கத்தும் அந்த இடத்தில் பீரங்கி வெடிக்கிறது. யார் கத்தியதும் கேட்காது.