சோப்புத் தடவிய வில்கள்

...சோப்பு, அதுவும் முகம் கழுவுகிற வாசனைச் சோப்பு, அதைப் போய் வயலின் வில்லில், கை தன்பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது, பாழாய்ப்போன கை... வயலின் வில்லில் கட்டியிருப்பது குதிரைவால் முடி, அது தானாகச் சத்தம் போடாது, ரோசின் என்கிற பிசின்கட்டியைத் தேய்த்தால்தான் முடி தந்தியைக் கவ்வும், கொஞ்சம் இழுக்கும், விடும், மறுபடி கவ்வும், ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை இப்படிப் பிடித்துப் பிடித்து விடுவதுதான் நாதம், முதல் வகுப்பில் இதைச் சொன்னபோது பஸ் ஓட்டுகிற அக்கா, "அட, பிரேக்கு மாதிரி!" என்று காலை அழுத்திக் காட்டினாள், பக்கத்துக் குடியிருப்பிலிருந்து இலவச வகுப்புக்கு வந்த பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். சோப்பு போட்டால் பிடிப்பே கிடையாது. கை ஆடும், வில் ஆடும், சத்தம் மட்டும் வராது. வகுப்பை நடத்துகிற மேனேஜருக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்களோ! பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார், "இன்னைக்கு மேடையில அவங்க சும்மா கைய ஆட்டட்டும், சத்தத்த உங்க குழு பாத்துக்கும், மூணு நிமிஷத்துல குடியா முழுகிடும்?" அவர்களிடமே சொல்லிவிடலாமே சார் என்றேன். "சொன்னா மூஞ்சி தொங்கிடும், கேமரா மூஞ்சியத்தான பிடிக்குது? நிதி குடுக்கறவங்க முன்வரிசைல இருக்காங்க. அடுத்த வருஷம் இந்த வகுப்பு நடக்கணுமா வேணாமா, நீங்களே சொல்லுங்க." நான் என்ன சொன்னேன்? சோப்பு எங்கே இருக்கு என்று கேட்டேன். சீ... கடைசி வில்லை எடுத்தேன், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதற்கு மட்டும் ரோசின் தேய்த்தேன்.

மேடை ஏறுகிற வாசலில் வில்களைக் கொடுத்தபோது அந்தக் கடைசி வில்லை அக்காவின் கையில் வைத்தேன். "புதுசா? மாப்பிள்ளை மாதிரி மினுக்குதே! டீச்சர், எங்க வீட்டுக்காரரு லீவு போட்டு வந்திருக்காரு, என் சத்தம் தனியா கேக்குமா?" கேக்கும்க்கா என்றேன், அது பொய்யில்லை. ஆரம்பித்தோம், மெட்டு எங்கள் குழுவுக்கு, அடியில் நீண்ட ஒரே சுரம் அவர்களுக்கு, பின்னாலிருந்து எங்களில் இரண்டு பேர் அதையும் வாசித்தார்கள், பதினோரு வில்கள் ஊமையாக வழுக்கின, எங்கள் சத்தத்தைத் தங்களுடையது என்று நினைத்து அத்தனை முகங்களும் பூரித்திருந்தன, நடுவில் அக்காவின் சுரம் மட்டும் உருண்டு திரண்டு எழுந்தது, கொஞ்சம் கரகரப்பு, ஆனாலும் எவ்வளவு நிஜம்... அவள் இடதுபக்கம் பார்த்தாள், வலதுபக்கம் பார்த்தாள். பக்கத்து வயலின்களிலிருந்து அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, தன்னுடையது மட்டும் தனியாக, தப்பு செய்ததுபோல... முகம் சுருங்கிவிட்டது. வில்லைத் தந்தியிலிருந்து ஒரு நூலளவு தூக்கினாள், தூக்கிய வாக்கிலேயே மற்றவர்களோடு சேர்ந்து அழகாக ஆட்டத் தொடங்கினாள். ஓரத்தில் நின்ற மேனேஜர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், அந்த விரலைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது, ஆனால் அவர் பன்னிரண்டு பேரையும் அல்லவா ஊமையாக்கச் சொன்னார், ஒருத்தியை மட்டும் தனியாக மாட்டிவிட்டது யார்? அவளுக்காகத்தான் அந்த வில்லை விட்டுவைத்தேனா, இல்லை, நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள ஒரு வில் வேண்டியிருந்ததா... அக்கா என் பக்கம் திரும்பி, மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையை லேசாக ஆட்டினாள், நான் வாசித்துக்கொண்டே இருந்தேன்.