நாற்பத்தொன்றாவது ஒயர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று சிரிக்காதீர்கள்; அந்தச் சாக்கை நானே பல மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இது வேறு ரகம். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி என் முகத்தை நேராகப் பார்த்து, "அந்தச் சிவப்பு அட்டை நோட்டை நீங்க எங்கயாவது பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லையே அண்ணி" என்றேன்.

நோட்டு என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறது. அந்த இழுப்பறை சரியாக மூடாது. எழுந்திருக்கும்போதெல்லாம் முழங்காலில் இடிக்கிறது.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. எழுதிப் பார்த்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

ஒன்று: "பழைய லாரியின் முதுகில் ஒரு வீடு முளைத்துக்கொண்டிருந்தது." கேட்க நன்றாக இருக்கிறது, அதனாலேயே அடித்துவிட்டேன். எதுவும் முளைக்கவில்லை. அண்ணன் ஆறு வருடம் பலகை அறுத்தார், இரும்பு வளைத்தார், விரல் நகம் இரண்டைப் பறிகொடுத்தார்.

இன்னொன்று: "அண்ணி எந்தத் தவறும் செய்யவில்லை என்பதை" (இதற்கு மேல் போகவில்லை. ஏதோ தீர்ப்பு வாசிப்பதுபோல் ஆரம்பித்து, அடுத்த வார்த்தைக்குள் குற்றவாளி யார் என்ற கேள்வி வந்து நின்றுவிட்டது.)

சரி, லாரியையே காட்டிவிடுகிறேன்.

3

அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். பகலெல்லாம் அடுத்தவர் வண்டியைப் பழுது பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் தன் வண்டிகளைப் பழுது பார்ப்பார். நான்கு பழைய கார்கள். நீலக்கார், ஆமை, கதவில்லாதவன், பெரியவர் என்று பெயர். நான்கில் ஒன்றுகூட ஓடியதில்லை. ஆனால் நான்கும் எந்த நேரத்திலும் ஓடிவிடும் நிலையில்தான் இருந்தன. அவர் வேலை செய்யும் முறை அப்படி. ஆமையை ஓடவைக்கும் தறுவாயில் ஒரு சாமான் குறையும். அதை நீலக்காரிலிருந்து கழற்றுவார். நீலக்கார் மேல் கவனம் திரும்பும்போது பெரியவரின் வயிற்றைத் திறப்பார்.

"இந்த வீட்ல நாலு நோயாளி இருக்காங்க, டாக்டர் ஒருத்தர்தான்" என்பார் அண்ணி. அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். எந்தக் குப்பியையும் சீட்டு ஒட்டாமல் கீழே வைக்காதவர்.

பிறகு லாரி வந்தது. பழைய சாமான் லாரி, எஞ்சின் மட்டும் முறுக்காக இருந்தது. "ரிட்டயர் ஆனதும் இதிலயே வீடு. கடல் தெரியற இடமாப் போயி நிறுத்திக்குவோம். அங்க போரடிச்சா அடுத்த இடம்" என்றார் அண்ணன். நான்கு கார்களும் அந்த வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போயின. நீலக்காரின் முன்கதவை அப்படியே சமையல் பக்கச் சுவரில் பதித்தார். கைப்பிடியைச் சுற்றினால் ஜன்னல் கண்ணாடி இறங்கும். பெரியவரின் பின்சீட் சோபா ஆனது. ஆமையின் டிக்கி மூடி மடக்கு மேசையாயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரு வேலையை முடிக்கப்போகின்றன என்று எனக்கே தோன்றியது.

(அந்தக் கடைசி வாக்கியம் இப்போது சேர்த்தது. அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று சிரிப்புத்தான் வந்தது.)

4

இனி ஒயர். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், கதையின் கழுத்து இங்கேதான் இருக்கிறது.

டிப்போவில் கழித்துப் போட்ட ஒயர்ச் சுருள் ஒன்று அண்ணனுக்குக் கிடைத்தது. முழுக்கப் பச்சை. நல்ல செம்பு, வீணாக்க மனமில்லை. பின்விளக்கு, ஹாரன், சமையல் விளக்கு, தண்ணீர் மோட்டார், படுக்கை விசிறி என்று லாரிக்கும் வீட்டுக்குமாக நாற்பத்தோரு ஒயர்களையும் பச்சையிலேயே இழுத்து, பலகைச் சுவர்களுக்குள் விட்டு மூடி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். எந்த எலெக்ட்ரீஷியன் பார்த்தாலும் தலையில் அடித்துக்கொள்வான்.

"சீட்டாவது ஒட்டுங்களேன்" என்றாராம் அண்ணி.

"சீட்டு சூட்ல உரிஞ்சிடும். நோட்டுல இருக்கில்ல? இடமிருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு. நோட்டு இருக்கறவரைக்கும் கவலையில்ல."

நோட்டு இருக்கிறவரைக்கும்.

5

இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு பத்திரிகை என்னிடம் நகைச்சுவைக் கதை கேட்டது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார், அண்ணி வேலைக்குப் போயிருந்தார். லாரிக்குள் ஏறி உட்கார்ந்தேன். முன்கண்ணாடி ஓரத்தில் சிவப்பு நோட்டு கிடந்தது. புரட்டினேன். அண்ணனின் எழுத்து அப்படியே அவர் பேசுகிற மாதிரி இருந்தது: "12 — மோட்டார். மேடம் திட்டினா உடனே அணைக்கணும்." இரண்டு நாளில் திருப்பித் தந்துவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கத் தோன்றவில்லை.

அந்த வாரமே கொட்டகை ரணகளமாகியிருக்கிறது. முந்தைய ஞாயிறு அண்ணி பழைய பேப்பர்களைக் கட்டிப் போட்டிருந்தார். நோட்டும் அதோடு போய்விட்டது என்று அண்ணன் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். "என் ஆறு வருஷத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுட்ட" என்றாராம். அதற்குப் பிறகு அண்ணி அந்த லாரிக்குள் கால் வைக்கவில்லை.

இதை அண்ணிதான் எனக்குப் போனில் சொன்னார். "நான்தான் பேப்பரோட போட்டுட்டேன் போல தம்பி. எனக்கே தெரியல. எப்படிப் போட்டேன்?" அப்போதே குட்டை உடைத்திருக்கலாம். என் கதை பாதியில் இருந்தது. நோட்டு இல்லாமல் மீதியை எழுத முடியாது. முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முடித்தபோது சொல்ல முடியாத அளவுக்கு நாள் போயிருந்தது.

கதை வந்தது. "என் அண்ணன் ஒரு கிறுக்கன்" என்று ஆரம்பிக்கும். நாற்பத்தோரு பச்சை ஒயர்களையும் வைத்து விளையாடியிருந்தேன். எல்லாரும் ரசித்தார்கள். அண்ணன் படித்துவிட்டுப் போன் பண்ணினார்.

"நல்லா இருக்குடா" என்றார். பிறகு, "நீ எப்படா வர்ற?"

"வரேண்ணே, கொஞ்சம் வேலை."

இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. "எப்படா வர்ற?" அதற்கடுத்த மாதமும். அன்பாகக் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த மோட்டார் வரி நோட்டில் மட்டும்தான் இருந்தது, அதை அப்படியே கதையில் போட்டிருந்தேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. நானாகக் கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று, அண்ணியிடமும் என்னைக் காட்டிக்கொடுக்காமல், காத்திருந்திருக்கிறார். லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடினார். பத்து மாதங்களுக்கு முன் டிப்போவில் வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

6

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். நோட்டை எடுத்தவன்.

இவனை யார் நம்புவார்கள்? இரண்டு வருடம் ஒருவன் ஒரு நோட்டைத் திருப்பித் தராமல் இருப்பானா? அதனால் இரண்டாவது வரைவில் அந்தத் திருட்டை வெல்டர் தலையில் கட்டிப் பார்த்தேன். (வெல்டர்: அண்ணனின் பக்கத்துத் தெருக்காரர். லாரியின் கூரைச் சட்டம் முழுவதும் அவர் கைவேலை. ஒரு பைசா வாங்காதவர். அண்ணன் இறந்த அன்று கொட்டகை வாசலில் தனியாக உட்கார்ந்து அழுதவர்.) அவர் திருடினால் கதை நன்றாகவே ஓடியது. காரணம், பின்னணி, பொறாமை எல்லாம் கச்சிதமாக வந்து பொருந்தின. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு பழியை இரண்டாவது ஆள் தலையிலும் ஏற்றியிருக்கிறேன்.

கிழித்துவிட்டேன். இவனையே வைத்துக்கொள்ளுங்கள். நம்ப முடியாவிட்டாலும் இவன்தான்.

7

மூன்று மாதங்களுக்கு முன் அண்ணி தார்ப்பாயைப் பிரித்தார். அடுத்த மாதம் அவருக்குப் பணி ஓய்வு. ஐம்பத்தெட்டு வயதில் கனரக வண்டி ஓட்ட உரிமம் வாங்கியிருந்தார். "பயிற்சி கொடுத்தவன் முதல் நாள் என்னைப் பாத்துட்டு, பேரனைச் சேக்க வந்தீங்களானு கேட்டான்" என்று சிரித்தார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார், நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

"சரி விடுங்க. போட்டது நான்தானே, நானே கண்டுபிடிக்கிறேன்" என்றார்.

வழி எளிது. பெட்டிப் பக்கம் ஒரு ஒயர் நுனிக்கு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். வண்டிக்குள் ஒவ்வொரு முனையிலும் சின்ன பல்பை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே எரிகிறதோ அதுதான் அந்த ஒயர். இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

ஆமாம். இரண்டாவது ஆள் நான்தான்.

"எரியுதா?"

"இல்ல அண்ணி."

"இப்போ?"

"இல்ல."

பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள். நான் பெரியவரின் பின்சீட்டில் பல்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். முதல் வாரம் நோட்டைப் பார்க்காமலேதான் வந்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து வீட்டில் அன்றைய எண்களைப் பார்த்து வைத்துக்கொண்டு வந்தேன். பல்பைத் தற்செயலாக வைப்பதுபோல் சரியான முனையில் வைப்பேன். "தம்பி கை ராசிக் கை" என்றார் அண்ணி. ஒவ்வொரு ஒயருக்கும் சீட்டு ஒட்டி, மேலே ஒட்டுத்தாள் சுற்றி, கண்ணும் கருத்துமாக எழுதினார். இதையாவது செய்கிறேனே என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன்.

நாற்பதாவது எரிந்த அன்று அண்ணி படியில் உட்கார்ந்துவிட்டார். "அவர் இருந்து பாத்திருக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "ரெண்டு வருஷம் இதுக்குள்ள நான் வரவே இல்ல தம்பி. அவர் கூப்பிடக் கூப்பிட வரல. நான்தானே கெடுத்தேன், என்ன மூஞ்சியை வெச்சிக்கிட்டு வர்றதுன்னு" என்றார்.

என் கையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

8

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"அந்த நாப்பத்தொண்ணாவது மட்டும் எதுக்குன்னே தெரியல. கடைசிப் பலகைக்குப் பின்னாடி போயி மொட்டையா நிக்குது. ஒண்ணும் மாட்டல."

"ம்."

"உங்க கதையிலயும் அப்படித்தானே எழுதியிருந்தீங்க, நாப்பத்தொண்ணாவது எங்கயும் போகலன்னு. எப்படித் தெரிஞ்சுது?"

"அண்ணன் சொன்னார்" என்றேன். இன்னொரு பொய்.

"அப்படியா. அப்போ வேண்டாததுதான். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வெல்டர் வராரு. அதை வெட்டிட்டு, பெட்டியை மூடிடலாம்னு இருக்கேன். நீங்க வர வேணாம், பாவம், நிறைய அலைஞ்சிட்டீங்க."

9

முடிவுகள். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் ஆசை.

அவன் நோட்டைப் பெயரில்லாமல் தபாலில் போடுகிறான். அண்ணி பிரித்துப் பார்த்து, பழைய பேப்பர்க்காரர் நல்ல மனுஷன் என்று நினைக்கிறார். (கோழை முடிவு. வாசகர்கள் சிலருக்கு இது பிடிக்கும். எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது.)

அவன் கொட்டகையில் நோட்டைப் பெரியவரின் சீட்டுக்கு அடியில் செருகிவிட்டு, "அண்ணி, இங்க பாருங்க" என்று கத்துகிறான். எல்லாரும் அழுகிறார்கள். (அந்தச் சீட்டை நாங்கள் இருவரும் மூன்று தடவை தூக்கிப் பார்த்திருக்கிறோம்.)

அவன் எதுவும் செய்வதில்லை. லாரி கிளம்புகிறது. கடல் தெரிகிற ஏதோ ஓரிடத்தில் அண்ணி நீலக்காரின் ஜன்னலை இறக்கிவிட்டு, தான் எந்தக் கட்டுப் பேப்பருக்குள் அந்த நோட்டை வைத்துக் கட்டினோம் என்று யோசித்துக்கொண்டு

10

என் பழைய கதையில் நாற்பத்தொன்றாவது ஒயர் எங்கும் போகாது. அதுதான் கடைசிச் சிரிப்பு. ஆனால் நோட்டில் அப்படி இல்லை. சிரிப்புக்காக நான் மாற்றினேன். நோட்டில் கடைசிப் பக்கத்தில் இருப்பது இது:

"41 — தம்பி மேசை. மடக்கு மேசைக்கு மேல. அவன் வந்தா எழுத உக்காருவான். மஞ்ச பல்புதான் போடணும், வெள்ளை அவன் கண்ணுக்கு ஆகாது. மாட்டல இன்னும். அவன் வந்ததும் உயரம் பாத்து மாட்டணும்."

எப்படா வர்ற என்று அவர் கேட்டதற்கு நோட்டு ஒன்றே காரணமில்லை. அண்ணே, உயரம் பார்ப்பதற்குக்கூட நான் வரவில்லை.

இன்று ஞாயிறு. மணி எட்டு. அங்கே போக ஒன்றரை மணி நேரம் ஆகும். வெள்ளி மாலையிலிருந்து இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன், நேற்றே போயிருக்கலாம். முன்பும் இப்படித்தான், கதையை முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

அண்ணியிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று பாக்கி இருக்கிறது. வாய்க்குள் தயாராக இருக்கிறது, சின்ன வாக்கியம்தான். அதை இங்கே எழுத மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். நன்றாக எழுதிவிட்ட எதையும் நான் போய்ச் செய்ததே இல்லை. எழுதியதும் செய்து முடித்த நிம்மதி வந்துவிடுகிறது.

இந்தத் தாள்களை மடித்து நோட்டுக்குள் வைக்கிறேன். அச்சுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்பதை அண்ணி சொல்லட்டும். இழுப்பறை திறந்துதான் இருக்கிறது. எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். இதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தால், நான் அதைப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.