குக்கர் மூடியும் இரட்டைக் குழந்தைகளும்

பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் டியூட்டி போடும்முன் தலைமை நர்ஸ் விசாரிப்பது ஒன்றைத்தான்: "யாரு யாரு பேசிக்கிறதில்ல?" அங்கே மருந்தின் அளவை இரண்டு நர்ஸுகள் தனித்தனியாகக் கணக்கிட்டுச் சரிபார்க்க வேண்டும்; சிநேகிதிகளானால் ஒருத்தி கணக்கை இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள் என்பது அவள் கட்சி.

அன்று அகப்பட்டவர்கள், அண்ணியும் நாத்தனாருமான இரண்டு நர்ஸுகள். வீட்டில் குக்கர் மூடி காணாமல்போன விஷயத்தில் மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரட்டைக் குழந்தைகளில் சின்னவனுக்கு அண்ணி மருந்தின் அளவைக் கணக்கிட்டு ஊசியில் ஏற்றி வைத்தாள். நாத்தனார் அந்தக் கணக்கைத் திரும்பியும் பார்க்காமல், முதலிலிருந்து தானே போட்டாள். அளவு குறைவாக வந்தது.

"யாரோட எடைய வெச்சுக் கணக்குப் போட்டீங்க? இது பெரியவனோடது!"

நல்லவேளை, மருந்து இன்னும் உள்ளே போகவில்லை. அதைக் கொட்டிவிட்டு இருவரும் தனித்தனியாக மறுபடி கணக்குப் போட்டார்கள், ஒத்துப்போனது. கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னவன் சாவகாசமாகக் கொட்டாவி விட்டான்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குக்கர் மூடிய நான்தான்டி தொலைச்சேன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணி."

இருவரும் சிரித்த சத்தத்தில் தலைமை நர்ஸ் எட்டிப்பார்த்தாள்.

"போச்சுடா! ராசியாயிட்டீங்களா?" என்று தலையிலடித்துக்கொண்டு, நாளைய டியூட்டியில் இருவரையும் பிரித்துப்போடப் போனாள்.